குறை தெரிந்து வாங்கிய கிட்டார்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் மேஜைக்கு நேரெதிரே செக்கிங் மேஜை. அடியில் ட்யூப்லைட் எரியும், மேலே கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் மேல் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நாளெல்லாம் வெள்ளையாக ஓடிக்கொண்டே இருக்கும். அதில் இழை விட்டுப்போயிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே உட்கார்ந்திருந்த அக்காவின் வேலை. அந்த வேலை பார்க்கிற மற்றவர்கள் கண்ணை இமைக்காமல் துணியையே பார்ப்பார்கள். அக்கா பாதி நேரம் ஜன்னல் வழியாகச் சஞ்சீவி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடது கை மட்டும் துணியின் மேல் மிதக்கிற மாதிரி கிடக்கும். திடீரென்று கால் சுவிட்சை மிதித்து மெஷினை நிறுத்துவார்.

நான் சேர்ந்த முதல் நாளே அப்படி நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "இங்கன ஒரு இழை இல்ல ஏட்டி. பாரு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் விரல் வைத்த இடத்தில், முடியைவிட மெல்லிசான ஒரு நூல் இல்லை. அவர் அதற்குள் சிவப்பு நூல் ஒன்றை அந்த இடத்தில் அடையாளம் கட்டிவிட்டு மறுபடி மலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

குறை கண்டுபிடிக்கிறவர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்கும். அக்கா முகத்தில் அது கிடையாது. குறை அகப்பட்டதும் தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்த மாதிரி ஒரு வெளிச்சம் வரும். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனால் முந்தியைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். "இந்த ஓரத்துல சாயம் செத்த நேரம் கூட நின்னுருக்கு" என்பார். பிறகு, "நல்லாருக்கு, கட்டு" என்பார். அவர் கைக்கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும். திருத்தி வைக்கச் சொன்னால் மாட்டார். ஏழு நிமிஷம் முந்தும் என்று தெரிந்த கடிகாரத்தை நம்பலாம், சரியாக ஓடுகிறது என்று சொல்கிற கடிகாரத்தைத்தான் நம்ப முடியாது என்பது அவர் கணக்கு. எதை வாங்கினாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "குறை தெரியாத சாமான வாங்கக் கூடாது ஏட்டி. தெரிஞ்சு வாங்குனா பொறவு சண்டை இல்ல."

ஒரு தடவை அவசர ஆர்டர் ஒன்று. துணிக்கட்டு ஒன்றில் லேசான எண்ணெய்க் கறை. மேனேஜர் வந்து, இது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது, விட்டுவிடுங்கள் என்று கேட்டார். அக்கா மறுத்துப் பேசவில்லை. குறை உள்ள துணி என்று பில்லில் எழுதி அனுப்புங்கள் சார், வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்கட்டும் என்றார். மேனேஜர் தானே அந்தக் கட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். அவர் போனபிறகு அக்கா சிரிக்கவும் இல்லை. அடுத்த துணி ஓட ஆரம்பித்திருந்தது.

அக்காவுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். அவருடைய அப்பா ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர், சர்ச்சில் பாடுகிறவர். வெளிநாட்டிலிருந்து வந்து சர்ச்சில் சில வாரம் தங்கியிருந்த யாரோ ஒருவர் போகும்போது ஒரு பை நிறைய கேசட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் அமெரிக்காவின் கண்ட்ரி பாட்டு. வீட்டில் வேறு கேசட் கிடையாது. அதனால் மற்ற பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடிய வயதில் அக்கா அர்த்தம் தெரியாமலே அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடியிருக்கிறார். சர்ச்சில் கிடந்த ஒரு பழைய மரக் கிட்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டு கேசட்டைக் கேட்டுக் கேட்டே வாசிக்கவும் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு அவர்தான் கிட்டார்.

அப்படி அந்தப் பாட்டில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"அவிய ஊருல பாடுபடுற சம்சாரி பாட்டு ஏட்டி. மாடு மேய்க்கவன், லாரி ஓட்டுறவன், ரயிலுக்குக் காத்துக் கெடக்கவன், வீட்ட விட்டுப் போனவன். எல்லாரும் அழுவான். ஆனா ஒப்பாரி வைக்க மாட்டான். அவனுக்குப் பதிலாக் கம்பி அழும்."

டிபன் பாக்ஸ் மூடியில் இடது கை விரல்களை வைத்து அழுத்திக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் இழை தேடுகிற அதே விரல்கள்.

அந்தக் கையில்தான் அது நடந்தது.

துணியைப் பட்டை பட்டையாக அறுக்கிற மெஷினில் வன்னியம்பட்டியிலிருந்து வருகிற ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் துப்பட்டாவின் நுனி உருளைக்குள் போனதை அவளே கவனிக்கவில்லை. அக்கா செக்கிங் மேஜையிலிருந்து எழுந்து ஓடியதைத்தான் நான் பார்த்தேன். வலது கையால் சுவிட்சை அடித்தார், இடது கையால் துப்பட்டாவைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். துப்பட்டா கிழிந்தது, அந்தப் பெண் பின்னால் போய் விழுந்தாள். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. மெஷின் நிற்கிற கடைசிச் சுற்றில் பிளேடு அக்காவின் மோதிர விரல் நுனியை எடுத்துவிட்டது.

நான் கையில் கிடைத்த காஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா உதடு வெளுத்துப்போய்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, "அது கழிச்ச கட்டு ஏட்டி. பாஸான கட்டுல ஒண்ணு எடு" என்றார். அந்தக் குரல் இன்றும் எனக்குக் காதில் இருக்கிறது. அதில் நடுக்கம் இருந்தது. ஆனால் சொன்னது சரியாக இருந்தது.

வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வந்ததும் பேண்டேஜ் இல்லாத கையை என் முன்னால் நீட்டி, துணிக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார். அரை இஞ்சு போயிருக்கிறது. நுனி மரத்துக் கிடக்கிறது, ஊசி வைத்தாலும் தெரியாது. பனிக்காலத்தில் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பிறகு மெஷின் பக்கம் பார்த்தார். அந்த வன்னியம்பட்டிப் பெண் எங்கே என்று கேட்டார். அவள் அன்றோடு வேலையை விட்டுவிட்டாள் என்று சொன்னேன்.

அந்த வாரமே விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனார். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மாமியார்தான் வந்து, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாமல் அழுகிறாள், சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள் என்று புலம்பினார். அக்கா கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். கதவு திறக்க வெகுநேரமானது. அவள் வந்து எதிரே உட்கார்ந்ததும் அக்கா இடது கையை அவள் மடியில் வைத்தார்.

"நல்லாப் பாரு. இதுல என்ன குறைன்னு நீயே சொல்லு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கையை எடுக்கவில்லை. கடைசியில் பார்த்தாள். நகம் இல்லை என்றாள். வேறு என்று அக்கா கேட்டார். கட்டையாக இருக்கிறது என்றாள். வேறு என்றார் மறுபடியும். அவள் விரலைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள்.

"அம்புட்டுதான். இதுக்குப் போயி ரெண்டு மாசம் பயந்துட்டு இருந்திருக்க. நாளைக்கு வேலைக்கு வா. துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டிட்டு வா."

அவள் வந்தாள். நான் கம்பெனியை விடுகிறவரை அந்த மெஷினில்தான் நின்றாள்.

அக்கா செக்கிங்கை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். பத்து நாளில் வலது கையும் இழை கண்டுபிடிக்கக் கற்றுவிட்டது. ஆனால் கிட்டாருக்கு அப்படி நடக்கவில்லை. மரக் கிட்டாரின் கம்பிகள் தடிமன், கட்டையிலிருந்து உயரமாக நிற்கும், அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். மரத்துப்போன நுனிக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர் வாசிக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எதன் குறையையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிற மனுஷி இந்த ஒன்றைப் பேசாமலே இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முணுமுணுக்கிற பாட்டும் நின்றுபோனது.

மாதங்கள் போயின. ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு போனை நீட்டினார். தொப்பி போட்ட யாரோ ஒருவர் மஞ்சள் நிற எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இதுல கம்பி தலைமுடி மாதிரி ஏட்டி. தொட்டாப் போதும். இப்ப அவன் கையப் பாரு."

வாசித்தவர் இடது கையைக் கிட்டாரின் கழுத்துக்கும் மேலே கொண்டுபோனார். கம்பிகள் கழுத்தின் முடிவில் ஒரு சின்ன எலும்புக் கட்டையைத் தாண்டி முறுக்காணிகளுக்குப் போகும். அந்தக் கட்டைக்கும் ஆணிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம்தான் இருக்கும். அங்கே கம்பியை அவர் கீழே அழுத்தினார். ஒலித்துக்கொண்டிருந்த சுரம் அப்படியே விம்மி மேலே ஏறி இறங்கியது. அக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். அங்கே அழுத்தினால் விரல் நுனி பயங்கரமாக வலிக்குமாம், நன்றாக வாசிக்கிறவர்களே அதிகம் செய்ய மாட்டார்களாம். சொல்லிவிட்டுத் தன் மொட்டை மோதிர விரலை, அந்த மரத்துப்போன நுனியை, என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இதுக்குத்தான் வலிக்காதே."

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று அவர் வீட்டில் சொன்னபோது, ஆட்டோ ஓட்டுகிற அவர் கணவர் இரண்டு நாள் பேசவே இல்லையாம். மூன்றாம் நாள், என்ன கலரில் வாங்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டாராம். இதை மதுரைக்குப் போகிற ரயிலில் சொன்னார். நான் ராஜபாளையத்தில் ஏறி இடம் பிடித்து வைத்திருந்தேன், அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினார். அந்தக் கணவரை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதையும் அப்போதுதான் சொன்னார். முதலில் இரண்டு மாப்பிள்ளை வந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும், எங்கள் பையனிடம் ஒரு குறை கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவதாக வந்தவர் தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிஷத்தில், எனக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டேன், அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை என்று தானே சொல்லியிருக்கிறார்.

"ரெண்டே நாளுதான். எண்ணிப் பாத்துட்டேன். ஒரு நாள் கூடுனதில்ல" என்றார் அக்கா. கையில் தீபாவளி போனஸ் இருந்தது. அதைத் தாண்டிப் போவதில்லை என்று உறுதியாக இருந்தார்.

மதுரையில் அந்தக் கடை பெரிதாக இருந்தது. விற்பனையாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பையன் எந்த கிளாஸ் படிக்கிறான் என்று கேட்டார். எனக்குத்தான் என்றார் அக்கா. அவர் பார்வை அக்காவின் இடது கைக்குப் போனது. உடனே, கீபோர்டு பார்க்கிறீர்களா மேடம், அது சுலபம் என்றார்.

"கம்பி அழணும் தம்பி. கீபோர்டு அழாது. கண்ட்ரி பாட்டுக்கு ஒரு எலெக்ட்ரிக் காட்டுங்க. வெல கொறஞ்சதா."

அவர் கறுப்பு நிறத்தில் கொம்பு கொம்பாக ஒன்றை எடுத்து, ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி, எதையோ திருகி, கடை அதிர ஒரு சத்தம் எழுப்பினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். "கொழம்பு ஊத்தாமச் சோத்த மட்டும் காட்டுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். செக்கிங் மேஜையில் தினமும் பார்த்த அதே ஆள், ஒரு மரக் கட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் வயரே மாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரண்டு ஓரமும் வலது கை விரலை ஓட்டினார். குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கையைக் கிழிக்கும் என்று முதல் கிட்டாரை வைத்தார். இரண்டாவதைத் துணியின் கரை பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக் கழுத்து நீளத்துக்கும் பார்த்தார். கழுத்து லேசாக முறுக்கியிருக்கிறது என்றார். விற்பனையாளர் வாங்கிப் பார்த்துவிட்டு அதைத் தனியே ஓரமாக வைத்தார். மூன்றாவது பார்க்க மிக அழகு. வயரை மாட்டி வாசித்ததும் வேண்டாம் என்றார். கம்பியின் அதிர்வை வாங்குகிற காந்தம் அதில் இரட்டையாக இருந்ததாம். சத்தம் குண்டாக வருகிறது, எனக்கு மூக்கால் பேசுகிற மெலிந்த சத்தம் வேண்டும், ஒற்றைக் காந்தம் உள்ளதைக் காட்டுங்கள் என்றார்.

நாலாவதில் சத்தம் சரியாக இருந்தது. ஆனால் அதில் கம்பிகளின் அடிப்பக்கம் சுருள்வில்லின் மேல் நின்றது. அக்கா ஒரு கம்பியை விரலால் வளைத்து இழுத்தார், கூடவே இன்னொரு கம்பியையும் மீட்டினார். ஒன்றை இழுத்தால் மற்றது தளர்கிறது, இதில் இரண்டு கம்பி சேர்ந்து அழ முடியாது என்று அதையும் வைத்தார். அடிப்பக்கம் அசையாமல் திருகி வைத்ததுதான் வேண்டும் என்றார்.

இதற்குள் விற்பனையாளர் ஒரு நாற்காலி கொண்டுவந்து அக்காவுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடையில் வேறு கிட்டார் பார்க்க வந்திருந்த இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். அக்கா எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிட்டாரிலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். கழுத்துக்கு மேலே அந்த இரண்டு விரற்கடை இடத்தில் மொட்டை விரலால் கம்பியை அழுத்தி விடுவார். விட்டதும் சுரம் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார். ஐந்தாவதும் ஆறாவதும் திரும்பவில்லை.

விற்பனையாளர் தானாகவே எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வந்தார். விலையைப் பற்றி நினைக்க வேண்டாம், சும்மா வாசித்துப் பாருங்கள் மேடம் என்றார். அக்கா அதை வெகுநேரம் வைத்திருந்தார். எல்லாச் சோதனையும் செய்தார். எந்தக் குறையும் அகப்படவில்லை. முகத்தில் அந்த வெளிச்சம் வரவே இல்லை. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். போனஸை நினைத்துத்தான் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகு கேட்டபோது, விலையும்தான் என்றார். ஆனால் எங்கே குறை என்று தெரியாமல் அதைத் தொட்டுக்கொண்டிருக்க உள்ளூர நடுக்கமாக இருந்தது என்றார்.

கடைசியில் விற்பனையாளர் தயங்கித் தயங்கி, உள்ளே ஒன்று கிடக்கிறது, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது, காட்டட்டுமா என்று கேட்டார். வெண்ணெய் நிறம். ஒற்றைக் காந்தம், அசையாத அடிப்பக்கம், மெலிந்த கழுத்து. அக்கா அதைக் கையில் வாங்கியதும், அவர் குறையைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லாதீர்கள் என்று அக்கா கையைக் காட்டினார். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பட்டையாக அழுத்திக்கொண்டே போனார். ஆகத் தடித்த கம்பியில், கழுத்தின் கீழ்க்கோடியில் ஓர் இடத்தில் சுரம் ஒலிக்காமல் 'டப்' என்று செத்து விழுந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. சத்தம் கூட்டுகிற குமிழைத் திருகினார். கரகர என்றது. முதுகைத் திருப்பி விரலை ஓட்டினார். பெயிண்ட் பெயர்ந்த ஒரு குழி.

"தடிச்ச கம்பியில அம்புட்டுக் கீழ நான் போறதே இல்ல. போனாலும் எனக்கு எட்டாது. இது எனக்குக் குறையே இல்ல தம்பி."

பிறகு கழுத்துக்கு மேலே மொட்டை விரலை வைத்து அழுத்தினார். பெட்டியிலிருந்து ஒரு விம்மல் எழுந்து, மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, இறங்கித் தன் இடத்தில் வந்து சரியாக உட்கார்ந்தது. எனக்கு இசை தெரியாது. ஆனால் அதுவரை எந்தக் கிட்டாரிலும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

மூன்று குறையையும் பில்லில் எழுதித் தரச் சொன்னார் அக்கா. விற்பனையாளர் எழுதிக் கொடுத்தார். குமிழை மட்டும் அவரே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டித் தந்தார். போகும்போது, மேடம் இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். பேண்டேஜ் கம்பெனியில் என்றார் அக்கா. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வாங்கிவிட்டால் வந்துவிடுகிற விஷயம் இல்லை அது. இருபது வருஷமாகப் பழகிய விரல் கணக்கு முழுவதையும் அவர் மாற்ற வேண்டியிருந்தது. மோதிர விரல் செய்த வேலையைச் சுண்டு விரலுக்குக் கொடுத்தார். அது வீங்கிப்போய் ஒரு வாரம் துணி மடிக்கவே சிரமப்பட்டார். கம்பியை வளைக்க நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தார். மொட்டை விரலுக்கு அந்த இரண்டு விரற்கடை இடம். வீட்டில் வாசித்ததைப் போனில் பதிவு செய்து வந்து சாப்பாட்டு நேரத்தில் போட்டுவிட்டு, தப்பிய இடம் எது என்று என்னையும் அந்த வன்னியம்பட்டிப் பெண்ணையும் கேட்பார். எங்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அவர் விரலை நீட்டி, இங்கே, இங்கே, இங்கே என்று எண்ணுவார். ஆரம்பத்தில் ஒரு பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அடுத்த வருஷம் சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை வருவதற்குள் இரண்டாகக் குறைந்தது.

அந்தப் பண்டிகையில் ஒரு பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன் என்று சர்ச்சில் கேட்டார். பாஸ்டருக்குச் சம்மதம். கமிட்டியில் இருந்த ஒரு பெரியவருக்குப் பிடிக்கவில்லை. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். ஆராதனை கச்சேரி ஆகிவிடும் என்றார். அக்கா அவரிடம் நேரே போய்ப் பேசினார்.

"நீங்க பயப்படுறது சரிதான் ஐயா. சத்தம் கூடுனா இது இரையும். பாடுறவங்க கொரல அமுக்கிரும். எனக்கும் விரல் கம்மி, ரெண்டு எடம் தப்பும். இம்புட்டும் தெரிஞ்சுதான் கேக்கேன். ஒரே ஒரு பாட்டு."

"சொல்ல வேண்டியத எல்லாம் நீயே சொல்லிட்டா நான் என்னம்மா சொல்ல" என்றார் பெரியவர்.

நான் சர்ச்சுக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. கம்பெனியிலிருந்து ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். முன்னால் பூசணியும் வாழைத்தாரும் கரும்பும் குவித்திருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது, புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறிகள் சுழல்கிற சத்தமும், வெளியே ரோட்டில் பஸ் ஹாரன் சத்தமும். அக்கா வெள்ளைச் சேலையில், வெண்ணெய் நிறக் கிட்டாரோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் பாட வேண்டாம், ராகம் மட்டும் என்று பாஸ்டர் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்று.

முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடியில் கை கழுத்துக்கு மேலே போனது. அந்த விம்மல் ஸ்பீக்கர்களிலிருந்து எழுந்து கூரைக்குப் போனது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அதே நொடியில் கரண்ட் போய்விட்டது.

ஸ்பீக்கர் செத்தது. விசிறிகள் மெதுவாகி நின்றன. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று இருந்தது. ஆனால் அக்காவின் கை நிற்கவில்லை. அவர் நிமிரவும் இல்லை. கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் எவ்வளவு இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் பெரிது. முதல் வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். அது பின்னால் வரிசை வரிசையாகப் பரவியது. அழுத பிள்ளையை ஒரு அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அந்தப் பெரியவர் எழுந்து போய் ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அப்போது கேட்டது. நூல் அளவுக்கு, இழை அளவுக்கு, ஆனால் அறுபடாமல். கடைசி வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

மூன்றாம் அடி பாதியில் கரண்ட் திரும்பி வந்தது. விசிறிகள் ஒரு முனகலோடு அசைய ஆரம்பித்தன, ஸ்பீக்கர் இரைந்தது. அந்தப் பெரியவர் சுவரோரம் இரண்டே எட்டில் போய், கையை உயர்த்தி மெயின் சுவிட்சை இறக்கினார். விசிறிகள் மறுபடி நின்றன. அவர் சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். அந்த ஈ பறக்கிற அளவுச் சத்தத்துக்காக, வேர்வை வழிய வழிய, சர்ச் முழுக்க நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.